துளை போடும் கதை: முத்துக்குளித்துறை வில் துரப்பணம் முதல் டிரில்லிங் மெஷின் வரை

தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று ஒரு பெயர் உண்டு. முத்து என்றதும் எல்லோருக்கும் கடல்தான் நினைவுக்கு வரும். காலால் கல்லை மிதித்தபடி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கி ஆழத்துக்கு இறங்கும் ஆள். மேலே வள்ளத்தில் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்கும் இன்னொரு ஆள். சினிமாவும் கதைப் புத்தகங்களும் நமக்குக் காட்டியது இந்தக் காட்சியைத்தான்.

ஆனால் சிப்பிக்குள் இருந்து வரும் முத்தில் துளை இருக்காது. துளை இல்லாத முத்தை மாலையாகக் கோக்க முடியாது. அப்படியானால் கரையில் உட்கார்ந்து அதற்குத் துளை போட்டவர் யார்? எந்தக் கருவியால் போட்டார்? கடுகை விடக் கொஞ்சம் பெரிய, உருண்டு ஓடக்கூடிய, வழுவழுப்பான ஒரு பொருளைக் கை நழுவாமல் எப்படிப் பிடித்தார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் முத்தைத் தாண்டியும் ஒரு விஷயம் கிடைக்கிறது. இன்றைக்கு வீட்டிலேயே கொட்டாப்புளியும் இழைப்புளியும் செய்து பார்க்கும் இளைஞர்கள், பெஞ்ச் டிரில்லிங் மெஷின் முன்னால் நிற்கும்போது விரலைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்பதற்கான பாடம் அந்தப் பழைய பட்டறையிலேயே இருக்கிறது.

பயத்துக்கு 5 சதவீதம்

முதலில் கடலில் இருந்தே தொடங்குவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்று விவரமாக எழுதியிருக்கிறார். கிடைக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாவை மந்திரத்தால் கட்டிப்போடுவதாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு! தமிழில் இவர்களைக் கடல்கட்டி என்பார்கள். அவர்களின் மந்திரம் பகலில் மட்டும்தான் வேலை செய்யுமாம். இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக் கூடாது என்பதற்காக அதை மாலையில் அவிழ்த்து விடுவார்களாம்.

கேட்கச் சிரிப்பு வரலாம். ஆனால் மன்னார் முத்துக்குளிப்புகளில் 19ஆம் நூற்றாண்டில்கூட பிரிட்டிஷ் அரசு கடல்கட்டிகளுக்குக் கூலி கொடுத்தது. காரணம் எளிது. கடல்கட்டி இல்லாவிட்டால் குளியாள் தண்ணீரில் இறங்க மாட்டார். குளியாள் இறங்காவிட்டால் அரசுக்கு வருமானம் இல்லை.

கணக்காகப் பார்த்தால், இருபதில் ஒரு பங்கு என்பது 5 சதவீதம். இன்றைய மொழியில் அது ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம். மந்திரம் பலித்ததோ இல்லையோ, கடலில் ஆபத்து உண்டு என்பதை ஒப்புக்கொண்டு அதற்காக ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து துளை போட்டவருக்கு, சங்கை அறுத்தவருக்கு, வள்ளம் செய்தவருக்கு அப்படி எதுவும் ஒதுக்கியதாகக் கதை இல்லை. அவர்கள் விரலுக்கு என்ன ஆனாலும் அது அவர்கள் பாடு.

முத்துக்கு ஒரு மரப்பிடி

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னார் வளைகுடா முத்துச் சந்தைகளை நேரில் பார்த்த ஐரோப்பியர்கள், முத்துக்குத் துளை போடும் முறையையும் எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகளில் இருந்து கிடைக்கும் படம் இதுதான்.

தலைகீழாகக் கவிழ்த்த கூம்பு போன்ற ஒரு மரக்கட்டை. அதற்கு மூன்று கால்கள். கட்டையின் மேல்பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையான பரப்பில் சின்னச் சின்னக் குழிகள். பெரிய முத்து என்றால் அது குழிக்குள் அப்படியே உட்காரும். சின்ன முத்து என்றால் சிறிய மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டி மரத்துக்குள் இறுக்குவார்கள்.

அடுத்தது ஊசி. முத்தின் அளவுக்கு ஏற்ப வெவ்வேறு பருமனில் ஊசிகள் இருக்கும். ஊசியின் மேல்முனை ஒரு மரத்தலைக்குள் சுழலும். தொழிலாளி இடது கையால் அந்தத் தலையை அழுத்திக்கொள்வார். வலது கையில் வில். வில்லின் கயிறு ஊசியை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். வில்லை முன்னும் பின்னும் இழுக்க இழுக்க ஊசி சுழலும்.

பக்கத்திலேயே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர். வில்லை இழுக்கும் அதே வலது கையின் சுண்டு விரலைத் தண்ணீரில் தொட்டு, முத்தின் மேல் ஒரு சொட்டு விடுவார். வேலை ஏறக்குறைய நிற்காமல் இது நடக்கும். பல வருடப் பழக்கம் இல்லாமல் இது வராது என்று பார்த்தவர்களே வியந்து எழுதியிருக்கிறார்கள்.

இப்போது இதை ஒரு டிரில்லிங் மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று கால் கட்டைதான் மெஷினின் மேடை. குழிதான் வைஸ். மரத்தலைதான் பேரிங். வில்தான் மோட்டார். சிரட்டைத் தண்ணீர்தான் கூலன்ட். ஒரு பாகமும் குறையவில்லை!

கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இங்கே ஒன்று உண்டு. அந்தத் தொழிலாளியின் இரண்டு கைகளும் ஊசிக்கு மேலேதான் இருந்தன. முத்தைக் கையால் பிடிக்கவே இல்லை. முத்தைப் பிடித்தது மரம்.

ஏன் இவ்வளவு ஏற்பாடு? நன்றாக உருண்டு ஒளிவிடும் ஆணிமுத்தின் மதிப்பு மிக அதிகம். துளை கொஞ்சம் கோணிவிட்டாலோ, ஓரம் சிதறிவிட்டாலோ அந்த மதிப்பு நொடியில் போய்விடும். ஆகவே முத்து அசையக் கூடாது, சூடாகக் கூடாது, சிதறக் கூடாது. இந்த மூன்றுக்காகத்தான் குழி, தண்ணீர், மெதுவான வில். பாதுகாப்பு முழுவதும் முத்துக்காகவே யோசிக்கப்பட்டது. தொழிலாளியின் விரல் அதில் தானாகப் பிழைத்துக்கொண்டது.

வில் எவ்வளவு பழையது?

வில்லால் ஊசியைச் சுழற்றும் வித்தை மனிதனுக்கு மிகவும் பழைய வித்தை. இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கர் என்ற இடத்தில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைகளில், துளை போடப்பட்ட 11 கடைவாய்ப் பற்கள் கிடைத்தன. 2006இல் 'நேச்சர்' இதழில் இந்தச் செய்தி வந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. மணிகளுக்குத் துளை போட்ட அதே கல் ஊசிகளைக் கொண்டுதான் அந்தப் பற்களையும் துளைத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பல் வைத்தியமே பட்டறையில் பிறந்திருக்கிறது!

நம் கரையில் இந்தக் கதையின் பழைய இடம் கொற்கை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் பாண்டியர்களின் துறைமுகமாக இருந்த ஊர். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலால் கடல் விலகிப்போய், இப்போது அது உள்நாட்டுக் கிராமம். கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற பயண நூல், இங்கே முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்று சொல்கிறது. 1968-69இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்தியது.

கொற்கையில் முத்தோடு சங்குத் தொழிலும் நடந்தது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், சங்கைப் பற்றி 1914இல் ஒரு தனி நூலே எழுதினார். கொற்கைப் பகுதியில் ரம்பத்தால் அறுக்கப்பட்ட பழைய சங்குத் துண்டுகளை அவர் கண்டெடுத்தார். அகநானூற்றின் 24ஆம் பாட்டிலும் சங்கை அரத்தால் அறுத்து வளையல் செய்த தொழில் பேசப்படுகிறது. பிற்காலத்தில் தூத்துக்குடிச் சங்கு கப்பலேறி வங்காளத்துக்குப் போனது. டாக்காவின் சங்கறுப்பவர்கள் தரையில் உட்கார்ந்து, சங்கைக் கால்களால் பிடித்துக்கொண்டு, பிறை வடிவப் பெரிய ரம்பத்தால் அறுப்பார்கள். முத்துக்கு மரப்பிடி கிடைத்தது, சங்குக்குக் கால்தான் பிடி. விலை உயர்ந்த பொருளுக்கு நல்ல பிடி, மலிவான பொருளுக்கு மனித உடம்பே பிடி. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓடாவியின் பெட்டி

முத்துக்குளிக்கப் போன வள்ளத்தையும், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணியையும் கட்டியவர்கள் ஓடாவிகள். மரக்கலம் கட்டும் தச்சருக்கு இந்தக் கரையில் வழங்கும் பெயர் அது.

ஓடாவியின் பெட்டியில் வாய்ச்சி, உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, ரம்பம், மூலைமட்டம் எல்லாம் இருக்கும். கூடவே தமரூசியும் இருக்கும். துளைக்குத் தச்சர்கள் சொல்லும் பழைய சொல் தமர். தோணியின் பலகையை விலாமரத்தோடு சேர்க்க நீளமான இரும்பு ஆணிகள் இறங்க வேண்டும். கருவேலம் போன்ற கெட்டி மரத்தில் துளை போடாமல் ஆணியை அடித்தால் மரம் வெடித்துவிடும். நடுக்கடலில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் வரும். ஆகவே ஒவ்வோர் ஆணிக்கும் முதலில் ஒரு தமர். ஒரு தோணி முழுக்க எத்தனை ஆணி, எத்தனை தமர் என்று நினைத்துப் பார்த்தாலே கை வலிக்கும்.

இன்னொரு விஷயம். தச்சர்கள் தங்கள் கருவிகளில் பாதியைத் தாங்களே செய்துகொண்டவர்கள். இரும்புப் பாகம் கொல்லர் உலையில் இருந்து வரும். இழைப்புளியின் மர உடம்பு, உளியின் பிடி, கொட்டாப்புளியின் தலை, துரப்பணத்தின் வில் எல்லாம் தச்சரின் கைவேலை. யாருடைய கைக்கு எந்த அளவு பொருந்துமோ அந்த அளவில் செய்துகொள்வார்கள். இன்று ஊருக்கு ஊர் இளைஞர்கள் வீடியோ பார்த்துச் செய்யும் 'ஹோம்மேட் டூல்ஸ்' புதிய பொழுதுபோக்கு இல்லை. தச்சுத் தொழில் தொடங்கிய நாளில் இருந்தே அது அப்படித்தான்.

மோட்டார் வந்தது, கயிறு போனது

1880களின் இறுதியில் தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் வந்தது. நீராவி எஞ்சின், கூரையில் நீளமாக ஓடும் தண்டு, அதில் இருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கும் பெல்ட். 1908 பிப்ரவரி, மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க நடந்த புகழ்பெற்ற வேலைநிறுத்தம் இந்த மில்லில்தான். கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு ஆகியவைதான் முக்கியக் கோரிக்கைகள். எந்திரம் களைக்காது, ஆள் களைப்பான் என்ற உண்மை அந்தக் கோரிக்கைகளுக்குள் இருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1889இல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்னாட், பிரெய்ன் என்ற இருவர் மின்சாரத் துளைக்கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1917இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் துப்பாக்கி போல விசை வைத்த கை டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றது. பெல்ட்டில் ஓடிய டிரில்லிங் மெஷின்களும் மெல்ல மெல்லத் தனி மோட்டாருக்கு மாறின.

இதனால் வேலை வேகமானது. ஆனால் மூன்று விஷயங்கள் சத்தமில்லாமல் காணாமல் போயின.

முதலாவது, கயிற்றின் வழுக்கல். வில் துரப்பணத்தில் ஊசி மரத்தில் சிக்கிக்கொண்டால் கயிறு ஊசியின் மேல் வழுக்கும். அதற்கு மேல் பலம் ஊசிக்குப் போகாது. இன்றைய கருவிகளில் கிளட்ச் என்று தனியாகக் காசு கொடுத்து வாங்குவதை அந்தக் கயிறு இலவசமாகச் செய்தது. சாதாரண பெஞ்ச் டிரில்லில் பெல்ட் கொஞ்சம் வழுக்கும்தான், ஆனால் அது உங்கள் மணிக்கட்டு முறுகிய பிறகுதான் வழுக்கும்.

இரண்டாவது, முன்னும் பின்னும் சுழற்சி. வில் ஊசியை ஒரு பக்கம் சுற்றிவிட்டு, உடனே மறுபக்கம் சுற்றும். துணியோ முடியோ மாட்டினாலும் அடுத்த இழுப்பில் பிரிந்துவிடும். மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும். மாட்டியது மாட்டியதுதான், சுற்றிக்கொண்டே போகும்.

மூன்றாவது, கையே சுவிட்ச். வலித்தவுடன் கை நிற்கும், கை நின்றவுடன் வில் நிற்கும். மோட்டாருக்கு வலிக்காது. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் டிரில் ஒரு நொடியில் 25 முறை சுற்றும். ஏதோ தவறு என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை அசைய ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதற்குள் 6 சுற்று முடிந்துவிடும்! ஒரு ஆள் நாள் முழுக்கத் தரக்கூடிய திறன் சுமார் 75 வாட் என்பார்கள். சாதாரண அரை ஹெச்.பி. மோட்டாரின் திறன் 373 வாட். ஐந்து ஆள் பலம் ஒரு விரலை இழுத்தால் விரல் என்ன செய்யும்?

விரலின் விலை

முத்துக்குச் சந்தையில் விலை இருந்தது போல, விரலுக்கும் ஒரு நாள் விலை வந்தது. 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அதைச் செய்தது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போனதாகக் கணக்கு என்று வரிசையாக இருக்கும். கட்டைவிரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம். நடுவிரல் 12. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50.

அந்தச் சட்டத்தின் கணக்கு முறையையே ஓர் உதாரணமாகப் போட்டுப் பார்க்கலாம். 20 வயது, மாதம் 10,000 ரூபாய் சம்பளம். முழு ஊனத்துக்கான தொகை, சம்பளத்தின் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்கினால் வரும். 20 வயதுக்கு அந்த எண் 224. ஆக 6,000 பெருக்கல் 224, அதாவது 13,44,000 ரூபாய். ஆள்காட்டி விரலுக்கு அதில் 14 சதவீதம், 1,88,160 ரூபாய். இனி வரும் நாற்பது வருட உழைப்பில் அந்த விரல் செய்திருக்க வேண்டிய வேலைக்கு மொத்த விலை அவ்வளவுதான்.

விபத்து நடந்த பிறகு கொடுப்பது ஒரு பக்கம். நடக்காமல் தடுப்பது இன்னொரு பக்கம். 1881இல் வந்த முதல் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே ஆபத்தான எந்திரங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்று இருந்தது. ஆனால் அது 100 பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் இதை விரிவாக்கியது. 21ஆம் பிரிவு எந்திரத் தடுப்பு பற்றியது. 22ஆம் பிரிவு, ஓடும் எந்திரத்தைக் கவனிப்பவர் உடம்போடு ஒட்டிய ஆடை அணிய வேண்டும், அதை முதலாளியே தர வேண்டும் என்றது. 23ஆம் பிரிவு, பயிற்சி இல்லாத சிறு வயதினரை ஆபத்தான எந்திரத்தில் நிறுத்தக் கூடாது என்றது. 35ஆம் பிரிவு கண் பாதுகாப்பு.

எல்லாம் நல்ல பிரிவுகள். ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலை. 2020இல் நிறைவேற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இந்த 10ஐ 20 ஆக உயர்த்தியது. அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தெருவோரப் பட்டறையில் மூன்று பேர்தான் இருப்பார்கள். வீட்டு மாடியில் மரவேலை செய்பவர் ஒரே ஆள். அவருக்கு முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான். தடுப்பு இருக்கிறதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வரப்போவதில்லை. விரல் போனால் அந்த 1,88,160 ரூபாயைத் தரவும் ஆள் இல்லை. அவருக்குச் சட்டம், இன்சூரன்ஸ், கடல்கட்டி எல்லாமே அவருடைய பழக்கம்தான்.

ஒரு கொட்டாப்புளி செய்யும்போது

சரி, அந்தப் பழக்கம் எப்படி இருக்க வேண்டும்? வீட்டில் பலரும் முதலில் செய்து பார்க்கும் கருவி கொட்டாப்புளி. உருண்டையான புளியங்கட்டையில் 25 மில்லிமீட்டர் துளை போட்டு, அதில் ஒரு பிடியை இறுக்கினால் கருவி தயார். கேட்கச் சுலபம். ஆனால் உருண்டைக் கட்டையைத் தட்டையான மேடையில் வைத்துக் கையால் பிடித்துக்கொண்டு துளைப்பதுதான் டிரில்லிங் மெஷினில் செய்யக்கூடிய மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று.

1. கட்டையைக் கை பிடிக்கக் கூடாது, மரம் பிடிக்க வேண்டும். ஒரு பலகையில் 'வி' வடிவப் பள்ளம் வெட்டி, உருண்டைக் கட்டையை அதில் உட்கார வைத்து, கிளாம்ப் போட்டு மேடையோடு இறுக்க வேண்டும். முத்து உட்கார்ந்த குழிதான் இது, அளவு மட்டும் பெரிது.

2. நீளமான பலகை என்றால் அதன் இடதுபக்க முனை மெஷினின் தூணின் இடதுபுறத்தைத் தொட்டு நிற்கட்டும். பிட் வலஞ்சுழியாகச் சுற்றுவதால், கிளாம்ப் விட்டுப்போனாலும் பலகை சுழன்று தூணில் மோதி நின்றுவிடும். வயிற்றில் வந்து அடிக்காது.

3. பிட் பெரிதாக ஆக வேகம் குறைய வேண்டும். 6 மில்லிமீட்டர் பிட் 3,000 சுற்றில் ஓடலாம். 25 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு அதே வேகத்தில் வெட்ட வேண்டுமானால் 720 சுற்று போதும். கெட்டி மரத்துக்கு அதற்கும் கீழே. பெல்ட்டை மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே ஓட்டினால் மரம் கருகும், பிட் சிக்கும்.

4. துளை மறுபக்கம் வெளிவரும் அந்தக் கடைசி நொடியில்தான் பிட் மரத்தைக் கவ்வும். கீழே ஒரு வேண்டாத பலகையை வைத்தால் பிட் திடீரென்று கவ்வாது, ஓரமும் சிதறாது. இன்றும் முத்துக்கு இரண்டு பக்கம் இருந்தும் துளை போடுவது ஓரம் சிதறாமல் இருக்கத்தான்.

5. ஒரே மூச்சில் அழுத்த வேண்டாம். கொஞ்சம் இறக்கி, மேலே தூக்கி, தூளை வெளியேற்றி, மறுபடி இறக்க வேண்டும். வில் முன்னும் பின்னும் போனதும் இதே நிதானம்தான். தூளைக் கையால் தள்ளாமல் பிரஷ்ஷால் தள்ள வேண்டும், அதுவும் மெஷின் நின்ற பிறகு.

6. தொங்கும் எதுவும் கூடாது. நம் ஊரில் சாரம் கட்டிக்கொண்டு வேலை செய்வது வழக்கம். மடித்துக் கட்டிய சாரத்தின் முனை, தோளில் கிடக்கும் துண்டு, கையில் கட்டிய கோயில் கயிறு, கழுத்துச் சங்கிலி, விரித்த தலைமுடி எல்லாமே மோட்டாருக்கு இரை. கையுறை பாதுகாப்பு என்று நினைத்துப் போடுபவர்கள் உண்டு. சுழலும் பிட் முன்னால் கையுறையும் ஆபத்துதான், விரலோடு சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடி மட்டும் கட்டாயம் வேண்டும்.

7. சக் சாவியை சக்கில் இருந்து எடுக்கும் வரை கையை அதில் இருந்து எடுக்கவே கூடாது. சாவியை மறந்து சுவிட்ச் போட்டால் அது தோட்டா போலப் பறக்கும்.

8. மரம் சிக்கிச் சுழலத் தொடங்கினால் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கக் கூடாது. விலகி நின்று சுவிட்சை அணைக்க வேண்டும். அந்தச் சுவிட்ச் மெஷினுக்குப் பின்னால் சுவரில் இல்லாமல், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த எட்டில் பாதிக்கு மேல் காசு செலவே இல்லை. பள்ளம் வெட்டிய பலகையும், வேண்டாத பலகையும் பட்டறையிலேயே கிடக்கும். வேண்டியது இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் பலர் கட்டையைக் கையால் பிடிக்கிறார்கள். "ஒரே ஒரு துளைதானே" என்பார்கள். விபத்துக்கும் ஒரே ஒரு துளை போதும்.

கடைசியாக

மன்னார் வளைகுடாவில் இயற்கை முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடிப் பக்கம் நின்றுவிட்டது. சிரட்டைத் தண்ணீரும் வில்லும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தத் தொழிலாளியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மார்க்கோ போலோ அரசனின் பங்கை எழுதினார், கடல்கட்டியின் பங்கை எழுதினார். துளை போட்டவரின் பங்கை எழுதவில்லை.

ஆனால் அவர் தன் வேலையில் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். துளை போட வேண்டிய பொருளைக் கையால் பிடிக்காதே, அதற்கு ஒரு பிடி செய். முத்து விலை உயர்ந்தது என்பதால் அதற்கு அந்த மரியாதை கிடைத்தது. சங்குக்குக் கிடைக்கவில்லை. இன்று மாடியில் மரக்கட்டைக்கும் கிடைப்பதில்லை, ஏனென்றால் கட்டை மலிவு. கட்டை போனால் வேறு கட்டை என்று நினைக்கிறோம்.

கணக்கு அங்கேதான் தப்பாகிறது. கிளாம்ப் போடுவது கட்டையைக் காப்பாற்ற இல்லை. கட்டையின் விலை ஐம்பது ரூபாய் இருக்கலாம், அதன் பக்கத்தில் இருக்கும் விரலுக்கு மாற்று விரல் எந்தக் கடையிலும் கிடைக்காது. மெஷினில் சுவிட்ச் போடுவதற்கு முன் ஒரு தடவை மேடையைப் பார்த்து, இதைப் பிடித்திருப்பது மரமா, கையா என்று கேட்டுக்கொண்டால் போதும். கை என்றால் சுவிட்ச் போட வேண்டாம்.